உலர்தாவர மாதிரிகளின் அடையாள எண்கள்: சென்னை, தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரகம், செடிகொடிகளை அழுத்தி உலர்த்தித் தடித்த தாள்களில் ஒட்டி, விவரச்சீட்டுடன் பாதுகாக்கும் இடமாகும். இப்படி ஒட்டப்பட்ட ஒவ்வொரு தாளும் ஒரு மாதிரி எனப்படும். உலகில் 3,000க்கும் மேற்பட்ட உலர்தாவரகங்களில் ஏறத்தாழ 39 கோடி மாதிரிகள் உள்ளன. இவற்றில் ஒரு குறிப்பிட்ட தாளை வேறெந்தத் தாளுடனும் குழப்பிக்கொள்ளாமல் சுட்டிக்காட்டப் பயன்படுவதே அடையாள எண். விலங்கு மாதிரிகளுக்கும் பாறைகளுக்கும் புதைபடிவங்களுக்கும் இதே தேவை உண்டு. சென்னையிலும் அதன் தென்புறத்திலும் கடந்த 300 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரிக்கப்பட்ட மாதிரிகளின் வழியாக, இந்த எண்கள் எவ்வாறு தோன்றின, எங்கே தடுமாறின, இன்று எவ்வாறு ஒருங்கிணைக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணின் தேவை

பள்ளியில் ஒரே பெயருடைய மாணவர்கள் இருவர் இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டு எண்ணைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிவர். செடிகளில் இச்சிக்கல் இன்னும் பெரியது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தாள்கள் பல நாடுகளில் கிடக்கின்றன. மேலும், ஆய்வு வளர வளரச் செடியின் அறிவியல் பெயரும் மாறுகிறது. ஒரு தாளில் 100 ஆண்டுகளில் மூன்று நான்கு பெயர்ச் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படுவது வழக்கம். ஆகவே பெயரை அடையாளமாகக் கொள்ள முடியாது.

இடப்பெயரையும் நம்ப முடியாது. தாம்பரத்தில் 1930களில் எடுத்த செடியின் சீட்டில் மாவட்டம் செங்கல்பட்டு என இருக்கும். 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானபின், அதே இடத்தில் எடுத்த செடிக்குக் காஞ்சிபுரம் மாவட்டம் என்று எழுதப்பட்டது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. மூன்று சீட்டுகளும் ஒரே மண்ணைத்தான் குறிக்கின்றன. ஆனால் மாவட்டப் பெயரை மட்டும் வைத்துக் கணினியில் தேடுபவருக்கு அவை வெவ்வேறு இடங்களாகத் தோன்றும். பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் மாறாத ஒன்று தாளின் மேல் இருக்க வேண்டும். அந்தப் பணிக்காகவே எண் வந்தது.

கோட்டைக் காலச் சேகரிப்புகள்

சென்னைப் பகுதிச் செடிகள் அறிவியல் நோக்கில் சேகரிக்கப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர்கள் வழியாகத் தொடங்குகிறது. 1690களில் அங்கே அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுப்புறச் செடிகளை உலர்த்தி, அவற்றுக்கு உள்ளூரார் வழங்கிய தமிழ்ப் பெயர்களுடனும் மருத்துவப் பயன்களுடனும் லண்டனுக்கு அனுப்பினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றே குறித்தனர். லண்டனில் மருந்துக்கடை நடத்திய ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார். பிரவுனுக்குப் பின் எட்வர்ட் பல்க்லி இப்பணியைத் தொடர்ந்தார். பெட்டிவர் இறந்தபின் அவரது தொகுப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்காலத்தில் தாள்களைத் தனித்தனியாக வைக்கும் பழக்கம் இல்லை. புத்தகமாகத் தைத்துக் கட்டினர். ஆகவே ஸ்லோன் தொகுப்பில் ஒரு செடியைச் சுட்ட, எந்தத் தொகுதி, எத்தனையாவது ஏடு என்று சொன்னால் போதும். நூலின் பக்க எண்ணே மாதிரியின் அடையாளமாக இருந்த காலம் அது. ஒரே ஏட்டில் பல செடிகள் ஒட்டப்பட்டிருந்தால் மட்டுமே ஐயம் எழும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி இன்னொரு மையமானது. 1768இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அங்கு வந்தார். 1776இல் வந்த கிறித்தவப் போதகர் ரோட்லர் பின்னர் சென்னைக்கு இடம் மாறி, 1836இல் இறக்கும்வரை செடிகளைச் சேகரித்தார். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவராகத் தமிழ் மாணவர்கள் அறிந்த ரோட்லர் இவரே. இவர்கள் ஒரே செடியின் கிளைகளைப் பல நண்பர்களுக்குப் பகிர்ந்து அனுப்பினர். அதனால் தரங்கம்பாடியில் ஒரு நாள் பறித்த செடி லண்டனிலும், கோபன்ஹேகனிலும், ஜெர்மனியிலும் கிடைக்கக்கூடும். அவை ஒரே செடியிலிருந்து வந்தவை என்று காட்டும் பொதுவான குறி அவற்றில் பெரும்பாலும் இல்லை. இன்றைய சிக்கலின் வேர் இங்கேயே தொடங்குகிறது.

வாலிச்சின் எண் பட்டியல்

பல உலர்தாவரகங்களுக்கும் பொதுவான எண் வழங்கும் முதல் பெரும் முயற்சிகளில் ஒன்று இந்தியச் செடிகளைக் கொண்டே நடந்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியேல் வாலிச், கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான மாதிரிகளை லண்டனுக்குக் கொண்டுசென்று, 1828 முதல் அவற்றின் படிகளைப் பல நாட்டுத் தாவரவியலாளர்களுக்கு வழங்கினார். வழங்கியவற்றின் கணக்காக எண் பட்டியல் ஒன்றைக் கல்லச்சில் வெளியிட்டார். 1849வரை நீண்ட அப்பட்டியலில் 9,148 எண்கள் உள்ளன. சென்னை மாகாணத்தில் ரோட்லர், ஹைன், வைட் முதலியோர் சேகரித்தவையும் அதில் அடங்கும்.

இதன் நன்மை தெளிவானது. ஜெனீவாவில் ஒருவர் பட்டியலின் ஓர் எண்ணைச் சொன்னால், லண்டனில் உள்ளவர் தம்மிடம் உள்ள தாளை எடுத்து அதையே பார்க்கலாம். ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாலிச்சின் எண் ஒரு தாளுக்கு உரியதன்று. ஒரே சமயத்தில் பறித்த ஒரு சேகரிப்புக்கும் உரியதன்று. தாம் ஓர் இனம் என்று கருதியதற்கு அவர் ஓர் எண் கொடுத்தார். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் எடுத்தவற்றை அந்த எண்ணுக்குள் ஏ, பி, சி எனப் பிரித்தார். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்தால், நேபாளத்துச் செடியும் தென்னாட்டுச் செடியும் ஒன்றாகிவிடும். பின்வந்த ஆய்வில் அவை இரு வேறு இனங்கள் என்று தெரிந்த இடங்களில் பெரும் குழப்பம் நேர்ந்தது.

எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் தீர்மானிக்காவிட்டால் எண்ணால் பயனில்லை என்பது இதனால் தெரியவருகிறது. ஓர் எண் இனத்தைக் குறிக்கலாம். ஒரு நாள் ஓரிடத்தில் பறித்த சேகரிப்பைக் குறிக்கலாம். ஒரே ஒரு தாளைக் குறிக்கலாம். மூன்றும் வேறு வேறு.

ராபர்ட் வைட்டின் தாள்கள்

1819இல் இந்தியா வந்து 1853வரை பணியாற்றிய ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரவியலின் முன்னோடி. ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களைக் கொண்டு அவர் வெளியிட்ட படத்தொகுதியில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவர் 1833 முதல் தம் மாதிரிகளுக்குத் தனியே எண் பட்டியல் வெளியிட்டார். அதுவும் வாலிச்சின் முறையைப் போலவே இனத்துக்கு ஓர் எண் என்னும் முறையில் அமைந்தது. பின்னர் அவரது தொகுப்பிலிருந்து 1866–67இல் கியூ தாவரவியல் பூங்காவின் வழியாகப் படிகள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. அப்போது கியூவில் புதிதாக இன்னொரு எண் வரிசை இடப்பட்டது.

ஆக, வைட் சேகரித்த ஒரு செடியின் தாள்களில் வாலிச் எண், வைட் பட்டியல் எண், கியூ வழங்கல் எண் என மூன்று வரிசைகளில் எதுவும் இருக்கலாம். எண்ணை மட்டும் எழுதி, எந்த வரிசை என்று எழுதாத ஆய்வுக்கட்டுரையைப் படிப்பவர் தவறான தாளைப் போய்ப் பார்க்க நேரும். எடின்பரோ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி இந்நூற்றாண்டில் வைட்டின் மாதிரிகளையும் ஓவியங்களையும் கடிதங்களையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் உழைத்து இவற்றை ஒழுங்குபடுத்தினார்.

வைட்டின் தாள்களில் இன்னொரு குறையும் உண்டு. காடுமேடு சென்று செடிகளைப் பறித்து வந்த இந்தியப் பணியாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் சீட்டில் இல்லை. எவர் எடுத்தார், எந்த நாளில் எடுத்தார் என்ற விவரம் ஒருமுறை விடுபட்டால், பின்னர் எத்தனை எண் இட்டாலும் அதை மீட்க முடியாது.

சென்னை உலர்தாவரகமும் மூன்று எண்களும்

1853இல் ஹியூ கிளெக்கார்ன் சென்னையில் தொடங்கிய தொகுப்பு, இன்று சென்னை உலர்தாவரகம் என்ற பெயரில் கோயம்புத்தூரில் உள்ளது. 1909இல் அது கோவைக்கு மாற்றப்பட்டது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1955இல் அங்கே அமைந்தபின் அதன் பொறுப்பில் வந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் இதில் உள்ளன. ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி, அவர் இறந்தபின் சி.இ.சி. ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரவளம் என்னும் நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. தமிழ்நாட்டுச் செடிகளை இனங்காண இன்றும் மாணவர்கள் புரட்டும் நூல் அது.

இருபதாம் நூற்றாண்டில் மாதிரித் தாளில் மூன்று எண்கள் வழக்கத்துக்கு வந்தன.

முதலாவது, சேகரிப்பாளர் எண். களத்துக்குச் செல்பவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொடர்ச்சியாக இடும் எண் இது. ஒரே நேரத்தில் ஒரே செடியிலிருந்து எடுத்த ஐந்து கிளைகளுக்கும் ஒரே எண். அவை ஐந்து ஊர்களுக்குச் சென்றாலும், சேகரிப்பாளர் பெயரும் இந்த எண்ணும் அவற்றை உடன்பிறப்புகளாகக் காட்டும்.

இரண்டாவது, சேர்க்கை எண். நூலகத்தில் புத்தகம் வந்தவுடன் பதிவேட்டில் இடுவதைப் போல, உலர்தாவரகம் தன்னிடம் வந்த ஒவ்வொரு தாளுக்கும் இடும் எண் இது. ஐந்து ஊர்களுக்குச் சென்ற ஐந்து கிளைகளுக்கும் ஐந்து சேர்க்கை எண்கள்.

மூன்றாவது, பிற்காலத்தில் வந்த பட்டைக்குறி எண். கணினி படிப்பதற்காகத் தாளில் ஒட்டப்படுவது. கியூவில் கே என்னும் எழுத்துடன் ஒன்பது இலக்கங்களும், எடின்பரோவில் ஈ என்னும் எழுத்துடன் எட்டு இலக்கங்களும் இட்டு எழுதுவர்.

சேகரிப்பாளர் எண் சேகரிப்பைக் குறிக்கும். மற்ற இரண்டும் தாளைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொண்டால், ஆய்வுக்கட்டுரைகளில் வரும் பாதிக் குழப்பங்களைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துக் குறியீடு

ஒவ்வோர் உலர்தாவரகமும் தன் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குவதால், 5,000 என்னும் சேர்க்கை எண் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கும். எண்ணுக்கு முன்னால் எந்த இடம் என்று சொல்ல வேண்டும். இதற்காக உலகத்து உலர்தாவரகங்களுக்கெல்லாம் சுருக்கக் குறியீடு கொடுக்கும் பட்டியல் உருவானது. இன்டெக்ஸ் ஹெர்பேரியோரம் என்னும் அப்பட்டியலின் முதல் பதிப்பு 1952இல் வந்தது. இப்போது நியூயார்க் தாவரவியல் பூங்கா அதை இணையத்தில் பராமரிக்கிறது. சென்னை உலர்தாவரகத்தின் குறியீடு எம்.எச். கல்கத்தா மத்தியத் தேசிய உலர்தாவரகத்தின் குறியீடு சி.ஏ.எல். திருச்சி புனித வளனார் கல்லூரியில் கே.எம். மத்தேயு 1967இல் நிறுவிய ராப்பினாட் உலர்தாவரகத்தின் குறியீடு ஆர்.எச்.டி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் குறியீடு எச்.ஐ.எஃப்.பி.

குறியீட்டின் சிறப்பு, அது நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு சேர்ந்து மாறாமல் இருப்பதே. சென்னைத் தொகுப்பு கோவைக்குப் போனது, மெட்ராஸ் என்னும் பெயர் 1996இல் சென்னையானது, எம்.எச். என்ற குறியீடு அப்படியே உள்ளது. இன்னொரு சான்று, சென்னையில் படித்துப் பணியாற்றி, தம் இறுதிக் காலத்தை மதுரவாயலில் கழித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால் ஜம்முவில் இயங்கும் உலர்தாவரகம். அந்த நிறுவனம் வட்டார ஆய்வுக்கூடம் என்ற பழைய பெயரை விட்டுவிட்டது. எனினும் பழைய பெயரிலிருந்து பிறந்த ஆர்.ஆர்.எல்.எச். என்னும் குறியீடு தொடர்கிறது. விலங்கு மாதிரித் தொகுப்புகளுக்கு இத்தகைய ஒரே அதிகாரப்பூர்வப் பட்டியல் நெடுங்காலம் இல்லாததால் அங்கே குழப்பம் மிகுதி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மாதிரிகளே முன்னர் பி.எம்.என்.எச். என்றும், பின்னர் என்.எச்.எம்.யு.கே. என்றும் குறிக்கப்படுகின்றன.

தாம்பரத்துச் செடிகள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் 365 ஏக்கர் அதற்குக் கிடைத்தது. வளாகத்தின் பசுமைக்கு வித்திட்டவராக நினைவுகூரப்படுபவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் பாடமாகக் கற்பித்தது வேதியியல் என்றாலும், தென்னிந்திய மலைகளில் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர். 1941இல் மறைந்தார். அவரது பெயரால் வழங்கும் அரிசீமா பார்ன்சியை என்னும் செடியை ஃபிஷர் பெயரிட்டு அறிமுகப்படுத்தினார். அறிவியல் பெயர் ஒன்று நிலைபெற, அதற்கு ஆதாரமாக ஒரு வகைக்காட்டு மாதிரி வேண்டும். அந்தத் தாள் எது என்பதில் ஐயம் வந்தால் பெயரே ஆட்டம் காணும். எனவே மற்றத் தாள்களைவிட வகைக்காட்டுத் தாளுக்கு எண் இன்றியமையாதது.

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், நன்மங்கலம், பள்ளிக்கரணை எனத் தென்சென்னைப் புறநகர் கடந்த 50 ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. ஏரிக்கரையும் புதர்க்காடும் குடியிருப்புகளாயின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓரிடத்தில் ஒரு காலத்தில் என்ன செடி வளர்ந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று, நாளும் ஊரும் எழுதிய உலர்தாவரத் தாள்தான். கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்காக எடுத்துவந்த தாளானாலும், அது வளர்ந்த இடம் இன்று சாலையாகிவிட்டால் இன்னொன்று எடுக்க வழியில்லை.

மருந்துச் செடியும் சான்று மாதிரியும்

தாம்பரம் வட்டாரத்தில் இந்த எண்கள் அன்றாடம் பயன்படும் துறை மருந்தியல். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்டது. மேற்குத் தாம்பரத்தில் உள்ள தாவர உள்ளமைப்பியல் ஆய்வு மையம் பல மருந்தியல் கல்லூரிகளின் ஆய்வாளர்கள் கொண்டுவரும் செடிகளை இனங்கண்டு சான்று அளித்துள்ளது. நிறுவனத்தின் சுருக்கக் குறி, ஆண்டு, வரிசை எண் ஆகியவற்றைச் சாய்கோடிட்டு எழுதும் அதன் பதிவு எண்களை மருந்தியல் ஆய்விதழ்களில் பரவலாகக் காணலாம்.

இதன் அவசியத்துக்குக் கீழாநெல்லி நல்ல எடுத்துக்காட்டு. மஞ்சள்காமாலைக்கு வழங்கும் இம்மூலிகை பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் இனம். இதே பேரினத்தில் பார்வைக்கு ஒத்த பல செடிகள் சாலையோரங்களில் கலந்து வளர்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரிலேயே மதராஸ்பட்டினம் இடம்பெற்றுள்ளது. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை மரபணு முறையில் ஆராய்ந்தவர்கள், பிற பில்லாந்தஸ் இனங்களும் கலந்திருப்பதைக் கண்டனர். ஆய்வகத்தில் எலிக்குக் கொடுத்த சாறு எந்தச் செடியின் சாறு என்று 20 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கேட்டால், பதில் சொல்லக்கூடியது பத்திரப்படுத்திய சான்று மாதிரி ஒன்றே.

செடி மாறினால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்தது சான்று. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற செடிக்குப் பதிலாக, ஒத்த சீனப் பெயருடைய அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி சேர்ந்துவிட்டதே காரணம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் இந்த அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்ததே.

சான்று எண்ணைக் குறிக்கும்போதும் வாலிச் காலத்துக் கேள்வியே எழுகிறது. அந்த எண் இனங்கண்டு அளித்த சான்றிதழுக்கு உரியதா, பாதுகாத்து வைத்த தாளுக்கு உரியதா? சான்றிதழ் எண் ஒருவரின் கருத்துக்குச் சாட்சி. தாளின் எண் செடிக்கே சாட்சி. பிந்தியது இருந்தால்தான் பிறர் மறுபடி சோதித்துப் பார்க்க முடியும். ஆகவே கட்டுரை எழுதும் மாணவர் சேகரிப்பாளர் பெயர், சேகரிப்பாளர் எண், நாள், தாள் உள்ள உலர்தாவரகத்தின் குறியீடு, சேர்க்கை எண் ஆகிய அனைத்தையும் தருவது முறை.

கணினிக் காலம்

தொகுப்புகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது, நிறுவனக் குறியீடு, தொகுப்புக் குறியீடு, சேர்க்கை எண் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் வந்தது. 2009இல் ஏற்கப்பட்ட டார்வின் கோர் என்னும் தரவுத் தரநிலையில் இம்மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மரபணு வரிசைகளைச் சேமிக்கும் ஜென்பேங்க் தரவுத்தளமும் சான்று மாதிரியைக் குறிக்க இதே முறையை ஏற்றது.

மூன்றும் சேர்ந்தால் தனித்தன்மை கிடைத்துவிடும் என்று எண்ணினர். நடைமுறையில் மூன்று வகையாக அது தவறியது. ஒன்று, எழுதும் முறை. குறியீட்டுக்குப் பின் இடைவெளி, சிறுகோடு, முன்னால் பூச்சியங்கள் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுத, கணினி அவற்றை வெவ்வேறு தாள்களாகக் கொண்டது. இரண்டு, நிறுவனங்கள் பெயர் மாறியபோதும் இணைந்தபோதும் குறியீடும் மாறியது. மூன்று, சில தொகுப்புகளில் பழைய பதிவேடும் புதிய பதிவேடும் ஒன்றிலிருந்தே தொடங்கியதால் ஒரே எண் இருமுறை வந்தது. 2001இல் தொடங்கிய உலகப் பல்லுயிர் தகவல் வசதியகம் பல நாட்டுத் தொகுப்புகளை ஒரே தரவுத்தளத்தில் திரட்டியபோது இச்சிக்கல்கள் வெளிப்பட்டன. ஒரு நிறுவனம் தன் எண் முறையை மாற்றித் தரவுகளை மறுபடி அனுப்பினால், பழைய பதிவுகள் நீங்கிப் புதியவைபோல் தோன்றும். பழைய பதிவை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் இணைப்பு அறுந்துபோகும்.

இதற்குத் தீர்வாகப் பல முறைகள் முன்வைக்கப்பட்டன. 2000களின் நடுவில் எல்.எஸ்.ஐ.டி. என்னும் அடையாள முறை பரிந்துரைக்கப்பட்டது. அதைத் திறந்து படிக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டதால் மாதிரிகளுக்கு அது பெரிதும் பரவவில்லை. அடுத்து, ஐரோப்பியத் தொகுப்புகள் பல ஒன்றுகூடி, ஒவ்வொரு தாளுக்கும் மாறாத இணைய முகவரி ஒன்றைத் தரும் முறையைக் கைக்கொண்டன. அந்த முகவரியை உலாவியில் இட்டால் தாளின் படமும் விவரமும் வரும். கணினி கேட்டால் அதற்கேற்ற வடிவில் தரவு கிடைக்கும். இதன் உயிர்நாடி தொழில்நுட்பம் அன்று. அந்த முகவரியை இனி மாற்றமாட்டோம் என்று நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழியே. ஆய்வுக்கட்டுரைகளுக்கு வழங்கும் டி.ஓ.ஐ. எண்ணை மாதிரிகளுக்கும் வழங்கும் முயற்சியும் இப்போது நடந்துவருகிறது.

ஓர் எண் தனித்தன்மை உடையதாக இருப்பதும், அந்த எண்ணைக் கொண்டு பொருளைக் கண்டடைய முடிவதும் இரு வேறு பண்புகள். எவரும் எங்கும் கணினியில் உருவாக்கக்கூடிய 32 இலக்க யு.யு.ஐ.டி. எண்ணில் முதற்பண்பு உண்டு. அது எங்கே, எவரிடம் உள்ளது என்று சொல்லும் பதிவேடு இல்லாவிட்டால் இரண்டாவது பண்பு இல்லை. அதுபோல, ஒரு பொருளுக்கு இரண்டு எண்கள் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுதி வைத்தால் போதும். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்கள் இருப்பதே பெருங்கேடு.

பாறையும் கற்கருவியும்

தாம்பரத்துக்கு அருகே உள்ள இரு குன்றுகள் இந்த வரலாற்றில் செடி அல்லாத மாதிரிகளுக்கும் இடம் தருகின்றன. பரங்கிமலைப் பாறையைக் கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லோடு ஒத்தது எனக் கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். உலகெங்கும் வழங்கும் பாறைப் பெயர் ஒன்றின் பிறப்பிடம் இதுவே. பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவரது தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. அதன் விளக்கப் பட்டியல் 1914இலும் 1916இலும் எண் வரிசையில் வெளிவந்தது. கருவி எந்த ஊரில் கிடைத்தது என்பதை இன்றும் அறிய முடிவது அந்தப் பட்டியலால்தான். பாறை, மண் மாதிரிகளுக்காக உலகளாவிய ஐ.ஜி.எஸ்.என். எண் முறை 2011 முதல் இயங்குகிறது. 2021இல் அது டி.ஓ.ஐ. வழங்கும் டேட்டாசைட் அமைப்போடு கைகோத்தது.

இந்தியாவில் இன்றைய நிலை

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் தன் மண்டல உலர்தாவரகங்களின் தாள்களைப் படமெடுத்து, பட்டைக்குறி எண்ணுடன் இந்திய மெய்நிகர் உலர்தாவரகம் என்னும் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. சென்னை உலர்தாவரகத் தாள்களைத் தாம்பரத்திலுள்ள மாணவர் கோவைக்குச் செல்லாமலே காண இதனால் வழி பிறந்துள்ளது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இதற்குச் சட்ட அடிப்படையும் தருகிறது. அதன் 39ஆம் பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அரசு அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் 2003 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் அலுவலகம் தென்சென்னையின் தரமணியில் உள்ளது. மாதிரி எங்கே உள்ளது, அதன் எண் என்ன என்பது இன்று ஆய்வாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. நாட்டின் உயிர்வளத்துக்கு உரிமை கொண்டாடும் ஆவணமும் ஆகும்.

கல்லூரித் தொகுப்புகள் செய்யக்கூடியவை

பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, கல்லூரிகளின் தாவரவியல் துறைகளில் அலமாரி அலமாரியாகத் தாள்கள் உள்ளன. பொறுப்பாளர் ஓய்வு பெற்றாலோ, துறை மூடப்பட்டாலோ இவை கேட்பாரற்றுப் போகும் ஆபத்து உண்டு. இவற்றைக் காக்கப் பெரும் பொருட்செலவு முதலில் தேவையில்லை. கைப்பதிவேடு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முறை மட்டும் பயன்படும் தொடர் எண் இடலாம். பூச்சி அரித்து நீக்கிய தாளின் எண்ணை வேறொரு தாளுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய எண் எதையும் அழிக்காமல் புதிய எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். எண்ணுக்குள் மாவட்டப் பெயரையோ செடியின் பெயரையோ திணிக்கக் கூடாது, அவை மாறக்கூடியவை. இன்டெக்ஸ் ஹெர்பேரியோரத்தில் விண்ணப்பித்துக் குறியீடு பெறலாம். பின்னர் பணமும் ஆளும் கிடைக்கும் காலத்தில் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது எளிதாகும்.

பிரவுன் காலத்து ஏடுகள் 300 ஆண்டுகள் கடந்தும் பயன்படுகின்றன என்றால், தொகுதியும் ஏடும் மாறாமல் காக்கப்பட்டதே காரணம். வைட்டின் தாள்களைச் சீர்செய்ய ஓர் அறிஞர் பல ஆண்டுகள் செலவிட நேர்ந்ததற்கு, எண்கள் பலவாகி அவற்றின் தொடர்பு எழுதப்படாமல் போனதே காரணம். இன்று தாம்பரத்தில் ஒரு மாணவர் அழுத்தி உலர்த்தும் செடிக்கு எண்ணும் நாளும் ஊரும் எழுத ஐந்து நிமிடம் போதும். பின்னாளில் அதே செடியைத் தேடி வருபவருக்கு அந்த ஐந்து நிமிடமே துணை நிற்கும்.